அடுப்பைப் பற்ற வைத்தது நான் இல்லை

தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஃப்ளோராவின் குரல்செய்தி வந்தது. வருஷா வருஷம் யோம் கிப்பூருக்கு முந்தின நாள் அனுப்புவாள். அது யூதர்களின் பெரிய விரதம். ஒரு நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து மறுநாள் பொழுது சாயும்வரை சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். நெருப்பு, விளக்கு, போன் எதையும் தொடமாட்டார்கள். ஃப்ளோரா இங்கே செலிகி ரோட்டுப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி இஸ்ரேலுக்குப் போனவள். அங்கே இப்போது சண்டை. யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் பிள்ளைகள் சாவதை டிவியில் பார்த்துவிட்டுச் சோறு இறங்காமல் எழுந்துபோகிறவள் நான்.

நானும் அவளும் பேசுவது சந்தை மலாய். ரப்பி என்றால் அவர்கள் மதகுரு. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"ஆன்ட்டி, இந்த வருஷம் போனை அணைக்காதீங்கன்னு ரப்பி சொல்லிட்டாரு. சைரன் கேக்கணுமாம். கூட்டமா கூடக் கூடாதாம், பதுங்குற அறையிலயே ஜெபம் பண்ணணுமாம். சர்க்கரைக்காரி, மயக்கம் வந்தா சாப்பிடுன்னும் சொன்னாரு. நான் சாப்பிட மாட்டேன். எங்கம்மாவுக்குப் பத்த வெச்ச மாதிரி எனக்கு அடுப்புப் பத்த வைக்க இங்க நீங்க இல்லையே!"

சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள்.

தோ பாயோ வீட்டுக்கு வந்து மகனிடம் அதைப் போட்டுக் காட்டினேன். அவனுக்கும் மலாய் தெரியும். "வசதிப்படி ரூல்ஸ் மாத்திக்கிறாங்க லா. போன் ஆன், சாப்பாடும் ஆன். அப்புறம் என்னம்மா விரதம்?" என்றான். எனக்கு எப்போதுமே கோபம் வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். கீரையை உருவிக்கொண்டே இருந்தேன். காம்பையும் சேர்த்து உருவியிருக்கிறேன், சாப்பிடும்போதுதான் தெரிந்தது. வாயில் வராததை எழுதியாவது தீர்க்கலாமே என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சாயங்காலம் சாமி விளக்கேற்றத் தீக்குச்சியை உரசினேன். அந்தக் கந்தக வாடை மூக்கில் ஏறினால் போதும், சீமா மிஸ்ஸியின் அடுப்படியில் போய் நிற்பேன். ஃப்ளோராவின் அப்பாவைப் பெற்ற அம்மா அவர். ஆறாம் வகுப்பு முடித்த கையோடு என்னை அங்கே வேலைக்கு விட்டார்கள். எண்ணெய் அடுப்பு, பித்தளைப் பாத்திரம், இறைச்சிக்கு ஒரு சட்டி, பாலுக்கு வேறு சட்டி. மாற்றி வைத்துவிட்டால் மிஸ்ஸி தலையில் கைவைத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கும் அவர்கள் ஓய்வு நாளில் விளக்கைப் போடு என்று வாய்விட்டுச் சொல்லவும் கூடாதாம். நாமாகப் புரிந்துகொண்டு போட வேண்டும். முதல் வெள்ளிக்கிழமை மிஸ்ஸி என்னைப் பார்த்து, "இருட்டா இருக்கே" என்றார். "ஆமா மிஸ்ஸி, ரொம்ப இருட்டு" என்று சொல்லிவிட்டு நான் போய்ப் படுத்துக்கொண்டேன். அன்று ராத்திரி வீடு முழுக்கத் தடவித் தடவி நடந்தது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சிரிப்பை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பக்கத்து நாட்டோடு சண்டையாகி, ஊருக்குள் அங்கங்கே குண்டு வைத்துக்கொண்டிருந்த காலம் அது. அது போதாதென்று கலவரம் வேறு. ஊரடங்கு போட்டார்கள், எடுத்தார்கள், மறுபடியும் போட்டார்கள். பொழுது சாய்ந்தால் தெருவில் நாய்தான் இருக்கும். வண்டி கிடைக்காது, மருத்துவச்சி வரமாட்டாள். அந்த நேரம் பார்த்து யோம் கிப்பூர் வந்தது. மிஸ்ஸியின் மருமகள் மோசெல்லுக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. வயிற்றில் இருந்தவள் இந்த ஃப்ளோராதான்.

விரதத்துக்கு முந்தின நாள் காலையிலேயே மிஸ்ஸி வாட்டர்லூ ஸ்திரீட் ஜெபாலயத்துக்குப் போய் ரப்பியைக் கேட்டுவிட்டு வந்தார். வந்து மகன் எஸ்ரா முன்னால் நின்று ரப்பி சொன்னதைச் சொன்னார். ஊரடங்கு நேரம், பொழுது சாயும்போது செய்யும் கடைசி ஜெபத்துக்கு யாரும் வர வேண்டாம், வீட்டிலேயே செய்யுங்கள். வண்டி கிடைக்காத காலம், அதனால் மோசெல்லுக்குத் தலை சுற்றினால் உடனே குடிக்கக் கொடுக்க வேண்டும். கன்னம் நிறையாத அளவு ஒரு மடக்கு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு மடக்கு. அதற்கும் அடங்காவிட்டால் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.

எஸ்ரா தலையை நிமிர்த்தவே இல்லை. "எங்கப்பா ஜப்பான்காரன் முகாம்லயே விரதத்தை விடலே. என் பெண்டாட்டி வீட்டுல ஒக்காந்துக்கிட்டு விடுவாளா?"

அவன் அப்பாவை ஜப்பான்காரன் முகாமில் அடைத்து, அங்கேயே அவர் செத்துப்போனார். பேதியில் கிடந்தவர், விரத நாள் கஞ்சியைத் தொடவில்லையாம். புண்ணியவான் என்று ஊரே அவரைக் கொண்டாடும். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் மிஸ்ஸி எழுந்து உள்ளே போய்விடுவார். அன்றைக்குப் போகவில்லை.

"உங்கப்பா செஞ்சது தப்பு" என்றார். "ரப்பி தன் கையாலேயே கஞ்சியைக் கொண்டுபோய் நீட்டினாரு. சாப்பிடுறதுதான் இன்னிக்குச் சட்டம்னு சொன்னாரு. இந்த மனுஷன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. பேரு அவருக்கு, பட்டினி எனக்கும் உனக்கும்."

எஸ்ரா மாடிக்குப் போனான்.

மறுநாள் மத்தியானம் மோசெல் சுருண்டு விழுந்தாள். உதடு வெளுத்து, கை சில்லிட்டுக் கிடந்தது. எடுத்து வைத்திருந்த சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்தால் வாந்தி எடுத்தாள். சூடாக ஜவ்வரிசிக் கஞ்சி இறங்கினால்தான் உண்டு என்று மிஸ்ஸி அடுப்படிக்கு ஓடி வந்தார். நான் வழக்கம்போலத் தீப்பெட்டியை எடுத்தேன். பின்னாலேயே வந்த எஸ்ரா, "அவளே பத்த வைக்கட்டும், நம்ம கை படாம இருக்கட்டும்" என்றான்.

மிஸ்ஸி என் கையிலிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கினார். என்னைத் தள்ளியே விட்டார் என்று சொல்ல வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டியில் என் இடுப்பு இடித்தது.

"உயிருக்கு ஆபத்துன்னா வீட்டுப் பெரியவங்கதான் கையால செய்யணும், முட்டாளே! அதுதான் சட்டம். வேத்து ஆளை விட்டுச் செஞ்சா ஏதோ கள்ளத்தனம்னு ஆயிடும். அடுத்த தடவை ஒருத்தி மயங்கினா, வேலைக்காரி எங்கேன்னு தேடிக்கிட்டு நிப்பீங்க. அதுக்குள்ள அவ செத்துப்போவா."

விரத நாளில், மகன் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கிழவி குச்சியை உரசினார். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது பற்றியது. கஞ்சி காய்ச்சி, மோசெல் தலையை மடியில் வைத்துக் கரண்டி கரண்டியாக ஊற்றினார். சாயங்காலம் அவள் கண்ணில் வெளிச்சம் வந்தது. பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்தது.

பேர் வைக்கிற விருந்தில் எஸ்ரா வந்தவர்களிடம் என்ன சொன்னான் தெரியுமா? "நாங்க யாரும் தொடலே. எங்க வீட்டுத் தமிழ்ப் பொண்ணுதான் பத்த வெச்சா, நல்ல பொண்ணு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். மிஸ்ஸி எழுந்து, "பொய். நான்தான் பத்த வெச்சேன்" என்றார். "அம்மாவுக்கு வயசாயிடுச்சு" என்று அவன் சிரித்தான். நானும் இல்லை இல்லை என்று தலையாட்டினேன். "பாருங்க, எவ்வளவு வெட்கம்!" என்று எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கேக் கொடுத்தார்கள். அந்தக் கேக்கை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை கசக்கிறது. ஒரு பொம்பளை துணிந்து செய்த காரியத்தைப் பறித்து, வேண்டாம் என்கிறவள் கையில் திணித்தார்கள். அதற்குப் பேர் பாராட்டாம்!

அந்தப் பொய்யைக் கேட்டு வளர்ந்தவள்தான் ஃப்ளோரா. வளர்ந்த பிறகு எத்தனையோ முறை அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "ஆன்ட்டி எப்பவும் இப்படித்தான்" என்பாள். மிஸ்ஸி சொன்னது அப்படியே நடந்துவிட்டது பாருங்கள். தானே எழுந்து ஒரு வாய் குடிக்க வேண்டியவள், ஆள் இல்லையே என்கிறாள்.

அங்கே பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. போனில் சொன்னேன்: "பத்த வெச்சது உன் பாட்டி." பதில் வந்தது: "ஆன்ட்டி, இன்னும் வெட்கமா?" பின்னாலேயே ஒரு சிரிப்புப் பொம்மை. அன்று மிஸ்ஸியை வயசாகிவிட்டது என்று நம்பவில்லை, என்னை வெட்கம் என்று நம்பவில்லை. இப்போது எனக்கு வயசும் ஆகிவிட்டது, வெட்கமும் இருக்கிறது. இனி என்னை யார் நம்பப்போகிறார்கள்?

அப்போதுதான் குரல்செய்தி பதிகிற போனில் கத்தினேன். மகன் அறையிலிருந்து ஓடி வந்துவிட்டான். "உங்கப்பன் பொய் சொன்னான்! உன் பாட்டி என்னைத் தள்ளிட்டுத் தன் கையால பத்த வெச்சா. சாப்பிடுறதுதான் சட்டம்னு சொல்லிப் பத்த வெச்சா. மயக்கம் வந்தா நீயே எந்திரிச்சுக் குடி. குடிக்காம செத்தீன்னா அவ துணிஞ்சு காப்பாத்துனது வீண்!" என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது. மகன், "சரிம்மா, சரிம்மா" என்று தண்ணீர் கொண்டுவந்தான். விரதத்தைப் பற்றி அவன் அப்புறம் வாயே திறக்கவில்லை.

விரதம் முடிந்த ராத்திரி அவளிடமிருந்து வந்தது. சிரிப்பு இல்லை. "மத்தியானம் கண்ணு இருட்டிடுச்சு, ஆன்ட்டி. நானே எந்திரிச்சுக் குடிச்சேன். பேத்திங்க பாத்துக்கிட்டு இருந்தாங்க. பாட்டி கதையை அவங்களுக்குச் சொன்னேன்."

ஒரு நிஜத்தை நம்புவதற்கு இவர்களுக்கு இன்னொரு சண்டை வேண்டியிருந்தது.

இதைப் போய் மிஸ்ஸியிடம் சொல்லலாம் என்றால், செலிகியில் அந்த வீடு இல்லை. இடித்துவிட்டு ஹோட்டல் கட்டியிருக்கிறார்கள். எஸ்ராவும் மோசெல்லும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிஸ்ஸியைப் புதைத்த தாம்சன் ரோட்டுக் கல்லறையும் இல்லை. ரயில் வருகிறது என்று தோண்டி, எலும்பை எடுத்து சுவா சூ காங் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை ஃப்ளோராவைக் கேட்டேன். "புண்ணியவானின் மனைவி" என்று எழுதியிருக்கிறதாம்.