அழிந்துபோன பாத் வரி

கட்டுமாவடியில் படகுகளுக்குக் காற்று எச்சரிக்கை அனுப்பும் லினக்ஸ் கணினி என் பொறுப்பில் இருந்தது. கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் வரியில் புது ஃபோல்டரைச் சேர்க்கப்போய், பழையவற்றை அழித்துவிட்டேன். அதன்பிறகு எந்தக் கட்டளையும் ஓடவில்லை; எச்சரிக்கையும் போகவில்லை.

அப்போது ஒரு படகுக்காரரின் மனைவி வந்தார். "காத்து பலமா வருதாமே, மெசேஜ் அனுப்பிட்டீங்களா?"

பயத்தில், "அனுப்பிட்டேங்க" என்றேன்.

"அப்பச் சரி, அவுக கெளம்ப மாட்டாக" என்று நிம்மதியாகத் திரும்பினார்.

பின்னாலேயே ஓடினேன். "பொய் சொல்லிட்டேங்க, மெசேஜ் இன்னும் போகல."

அவர் திட்டவில்லை. "நீங்க அதைப் பாருங்க, நான் கரையில சொல்லிடுறேன்" என்று ஓடினார்.

கட்டளை இருக்கும் இடத்தின் முழு முகவரியையும் தட்டி, வரியைச் சரிசெய்து செய்தியை அனுப்பினேன். அதற்குள் கிளம்பிவிட்ட ஒரு படகை அவர் கத்திக் கூப்பிட்டுத் திருப்பியிருந்தார். அது அவர் கணவருடையது.

என்னை நம்பி அவர் திரும்பி நடந்ததை இன்றும் மறக்க முடியவில்லை.