கம்ப்யூட்டர் இல்லாத கம்ப்யூட்டர் பிரிவு

"பணி: சூளை ஏற்றுநர். ஆண். உயரம் ஐந்தடி ஐந்து அங்குலத்துக்குக் குறையாதிருத்தல் வேண்டும். ஜாடிகள் அடுக்கிய நாற்பது கிலோ மண்பெட்டியைத் தனியாளாகத் தூக்கிச் சூளைக்குள் ஐந்து வரிசை அடுக்கத் தெரிந்திருத்தல் வேண்டும். வெப்பம் தாங்கும் உடல்வாகு அவசியம். எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் விரும்பத்தக்கது."

1974 ஆகஸ்டில், விருத்தாசலத்தில் ஊறுகாய் ஜாடி செய்யும் ஒரு பீங்கான் ஆலை இந்த வேலைக்கு நியமித்த ஆளின் பெயர் அமலராணி. சைக்கிள் கடை சவரிராஜின் மகள். உயரம் நாலடி பதினொன்று. எடை முப்பத்தெட்டு கிலோ. எழுதப் படிக்கத் தெரியும் என்பதைத் தவிர அந்த விவரத்தில் எதுவும் அவளுக்குப் பொருந்தாது. நியமன உத்தரவில் முதலாளி கையெழுத்திட்டார், தொழிற்சங்கச் செயலாளர் சாட்சிக் கையெழுத்திட்டார். இருவரும் சிரிக்கவில்லை. அவர்கள் சிரிக்காததற்கு நியாயம் இருந்தது.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த அமலராணியை, பங்குச் சாமியார் எழுதிக் கொடுத்த ஒரு கடிதத்தின் பேரில், சென்னையில் கன்னியர் விடுதியில் தங்கி ஆறு மாதம் கம்ப்யூட்டர் படிக்க அனுப்பினார் சவரிராஜ். அங்கே அவள் படித்தது, அட்டைகளில் துளை போடுவது. அந்தத் துளைகளைப் பக்கத்து அறையிலிருந்த பெரிய இயந்திரம் படிக்கும் என்றார்கள். அந்த அறைக்குள் மாணவிகளுக்கு அனுமதி இல்லை. கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்காமலேயே அதில் தேர்ச்சி பெற்றதாகச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, பயிற்சியில் வீணான அட்டைகள் ஒரு கட்டுடன் அவள் ஊர் திரும்பினாள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அந்தச் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்த குமாஸ்தா கேட்டார்:

"டைப்பு தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க. இது கம்ப்யூட்டருங்க."

"அதுக்கு எங்ககிட்ட நம்பரே இல்லியே. நம்பர் இல்லாம எந்த டப்பாவுல உன் கார்ட போடறது? டைப்பு படிச்சிட்டு வா. இல்லன்னா கம்ப்யூட்டர் வந்தப்பறம் வா."

இரண்டில் எது முன்னால் வரும் என்று அவர் சொல்லவில்லை. எட்டு மாதம் அவள் அப்பாவின் கடையில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டினாள். "மெட்ராஸ் படிப்பு நல்லா ஒட்டுதே" என்று காற்றடிக்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். திட்டக்குடியிலிருந்து பெண் பார்க்க வருவதாகவும் தகவல் வந்தது. "ஆகஸ்டுக்குள்ள ஒரு வேல கெடைக்கலன்னா அவங்கள வரச் சொல்லிடுவேன்" என்றார் சவரிராஜ். அவர் கொடுமைக்காரர் அல்ல. காலக்கெடு வைத்தால்தான் காரியம் நடக்கும் என்பது பஞ்சர் கடையில் அவர் கற்ற பாடம்.

மே மாதம் பீங்கான் ஆலை முதலாளி ராஜமாணிக்கத்தின் சைக்கிள் அந்தக் கடையில் நின்றது. ராஜமாணிக்கம் அப்போதுதான் சென்னை போய் வந்திருந்தார். அங்கே ஒரு பெரிய கம்பெனியின் வாசலில் 'கம்ப்யூட்டர் பிரிவு' என்ற பலகையைக் கண்டு மனம் பறிகொடுத்திருந்தார்.

"மூணு மாசம் வந்து பாரும்மா. அதுக்குள்ள மெஷின் வந்துடும்."

கார் வாங்கும் முன்பே டிரைவரை வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ராஜமாணிக்கம் கராஜையும் கட்டினார். உடைந்த ஜாடிகள் குவிந்திருந்த கொல்லைப்பக்க அறையைக் காலி செய்து வெள்ளையடித்தார், பலகை மாட்டினார், மேஜை போட்டார். ஜாடிகள் மட்டும் ஜன்னலுக்கு வெளியே போய்க் குவிந்தன.

பலகை ஏறிய மூன்றாம் நாள் சங்கம் வாசலில் கூடியது. கம்ப்யூட்டர் ஒன்று வந்தால் நூறு பேருக்கு வேலை போகும் என்று அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். அந்த ஆலையில் மொத்தமே நாற்பத்திரண்டு பேர். செயலாளர் நல்லமுத்து, ஜாடி வனைவதில் ஆலையிலேயே கைவேகம் மிக்கவர், முதலாளியைப் பார்க்க உள்ளே போனார்.

"அந்தப் பொண்ணு மேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்லிங்க. கம்ப்யூட்டர் மேலதான்."

"கம்ப்யூட்டர் எங்கய்யா இருக்குது?"

"அத நீங்கதான் சொல்லணும் மொதலாளி. போர்டு வச்சது நீங்க."

இல்லை என்று சொன்னால் பலகைக்கு மரியாதை போய்விடும். இருக்கிறது என்றால் வேலைநிறுத்தம். ராஜமாணிக்கம் நடுநிலையாக இருமினார். மூன்று மாதம் முடிந்ததும் அந்தப் பெண்ணை அனுப்பிவிடுவதாகப் பேச்சு முடிந்தது. வெளியே வந்த நல்லமுத்து ஜன்னலோரம் நின்றார்.

"மனசுல வச்சிக்காதம்மா. டீ சாப்ட்டியா?"

அவளிடம் எழுபது நாள் மிச்சமிருந்தது, வேலை எதுவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே உடைந்த ஜாடிகள் இருந்தன.

ஜாடி வனைகிறவர் ஒவ்வொருவரும் ஈரம் காய்வதற்குள் அடியில் ஆணியால் தன் குறியைக் கீறுவது அங்கே வழக்கம். சூளையில் ஜாடி விரிசல் விட்டால், அடியில் யார் குறி இருக்கிறதோ குற்றம் அவருடையது. அந்த ஆண்டு விரிசல் அதிகம். ஜூலைக் கடைசியில் யார் குறி அதிகமாக இருக்கிறதோ அவரை நிறுத்திவிடுவது என்று முதலாளி முடிவு செய்திருந்தார். நல்லமுத்துவின் குறியான மீன்தான் அதிகம் இருந்தது. ஆலையில் அதிக ஜாடி வனைந்தவர் அவர் என்பதால், நல்ல ஜாடிகளிலும் மீன்தான் அதிகம். அதை யாரும் பார்க்கவில்லை. நல்ல ஜாடியைக் கவிழ்த்துப் பார்க்கிறவர் யார்?

அமலராணி சென்னையிலிருந்து கொண்டுவந்த கட்டிலிருந்து ஒரு விரிசல் ஜாடிக்கு ஓர் அட்டை என்று எடுத்துக்கொண்டாள். சைக்கிள் சீட்டுத் தோலில் துளை போடும் கருவியை அப்பாவிடம் வாங்கி வந்து, அட்டையின் ஓரம் நெடுக ஒரே மாதிரித் துளைகள் போட்டாள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு கேள்வி: வனைந்தது நல்லமுத்துவா? அடுக்கியது சூளை வாசலிலா? நெருப்பு அணைந்து மூன்று நாள் ஆவதற்குள் திறந்தார்களா? எந்தச் சூளையில் எங்கே நின்ற ஜாடி என்பதை ஏற்றுநர்களிடம் கேட்டுக்கொண்டாள்; சூளை அணைந்த, திறந்த தேதிகளெல்லாம் காவல்காரர் நோட்டில் இருந்தன. 'ஆம்' என்றால் அந்தத் துளையை ஓரம்வரை வெட்டிவிட்டாள்.

ஜூலை முப்பதாம் தேதி, நல்லமுத்துவை நிறுத்தும் கடிதம் மேஜைமேல் இருந்தபோது, அவள் அட்டைக்கட்டோடும் ஒரு சைக்கிள் கம்பியோடும் முதலாளி அறைக்குள் போனாள். நல்லமுத்துவும் அங்கே நின்றிருந்தார்.

"என்னாம்மா அது?"

"கம்ப்யூட்டருங்க."

ராஜமாணிக்கம் கதவைச் சாத்தச் சொன்னார்.

நல்லமுத்துவின் துளையில் கம்பியை நுழைத்துக் கட்டைத் தூக்கினாள். துளை வெட்டிய அட்டைகள் மட்டும் கீழே விழுந்தன. அறுபத்து மூன்றில் பத்தொன்பது. சூளை வாசல் துளையில் பதினொன்று. மூன்றாவது துளையில் தூக்கியபோது மேஜை நிறைந்துவிட்டது. ஐம்பத்தெட்டு. கம்பியில் ஐந்து அட்டை தொங்கியது.

அந்த ஆலையில் சூளை பற்றவைப்பது நிலக்கரி லாரி வருகிற நாளில், திறப்பது எப்போதும் வெள்ளிக்கிழமை காலை. முதலாளியின் அம்மா குறித்துக் கொடுத்த நேரம். லாரி தாமதமானால், நேற்று அணைந்த சூளையையும் வெள்ளிக்கிழமை என்பதற்காகத் திறந்துவிடுவார்கள். வெளிக்காற்று பட்டதும் சூடான ஜாடி விரிசல் விடும்.

"வெள்ளிக்கெழம தப்புன்றியா? நீங்க ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறவங்க, அப்பிடித்தான் சொல்லுவீங்க" என்றார் ராஜமாணிக்கம்.

"வெள்ளிக்கெழமையே தொறங்க சார். எந்த வெள்ளிக்கெழமைன்றத மட்டும் அட்டை சொல்லட்டும்."

ராஜமாணிக்கம் யோசித்தார். அம்மாவுக்குக் குறையில்லை, ஜாடிக்கும் குறையில்லை. கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார்.

நல்லமுத்து தொண்டையைச் செருமினார். "இந்தப் பொண்ண அனுப்பக் கூடாதுங்க."

"நீதானய்யா கம்ப்யூட்டர் வாணாம்னு கோஷம் போட்ட?"

"இப்பவும் வாணாம்தாங்க. கோஷம் போட்டாச்சு, பின்வாங்க முடியாது. பொண்ணு இருக்கட்டும், கம்ப்யூட்டர் வாணாம். போர்ட எறக்கிடுங்க."

ஆலையில் அப்போது ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது. கம்மாபுரத்துக்காரர் ஒருவர் முதுகு பிடித்துக்கொண்டு விலகிய சூளை ஏற்றுநர் இடம். அதற்கான உத்தரவு அச்சிட்டே இருந்தது. பெயரை எழுதுவதுதான் பாக்கி. முதலாளியிடம் கம்ப்யூட்டர் இருந்தது, பலகை இல்லை. சங்கம் கம்ப்யூட்டரை விரட்டிவிட்டது, அது கொல்லைப்பக்க அறையில் உட்கார்ந்திருந்தது. சவரிராஜ் திட்டக்குடிக்குக் கடிதம் போட்டு, மகள் சூளை வேலைக்குப் போகிறாள் என்றார். அவர்கள் பதில் எழுதவில்லை.

அமலராணி 1974 ஆகஸ்ட் முதல் 1979 கடைசிவரை அந்த ஆலையில் சூளை ஏற்றுநராக இருந்தாள். விரிசல் விட்ட ஜாடிகளுக்கு அட்டை எழுதினாள், துளை போட்டாள், சைக்கிள் கம்பியால் பிரித்தாள், எந்த வெள்ளிக்கிழமை சூளையைத் திறக்கலாம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.