எமிலியானுஸ் பிடித்த சீட்டு

புலம்பெயர்ந்த தமிழர் நெருங்கி வாழும் பார்க் எக்ஸ்டென்ஷனில் எமிலியானுஸ் நடத்திய சீட்டில் சேர, ஏற்கெனவே சேர்ந்த ஒருவர் பொறுப்புச் சொல்ல வேண்டும். மன்னாரிலிருந்து வந்து உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவிய அவருக்கு, அக்குடியிருப்பில் கிடைத்த மதிப்பு முழுவதும் அச்சீட்டால் வந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு, தேவாலயப் பூசை முடிந்ததும் அவருடைய வரவேற்பறையில் ஏலம் நடக்கும். மொத்தத் தொகையிலிருந்து அதிகக் கழிவை விட்டுக்கொடுப்பவருக்கே அம்மாதப் பணம். கழிவு ஏற ஏற, கேட்பவரின் நெருக்கடியை எமிலியானுஸ் அளந்துகொள்வார். அந்த அளவு ஒருபோதும் பிழையானதில்லை.

மார்ச் மாதச் சீட்டைப் பெருங்கழிவில் கௌரி எடுத்தார். அவருடைய கணவரின் அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருந்தது. மேன்முறையீட்டுக்கான கட்டணத்தை வெள்ளிக்கிழமைக்குள் வழக்கறிஞருக்குச் செலுத்த வேண்டும். அவ்வாரமே, முன்னர் சீட்டெடுத்த ஒருவர் தம் பங்கைக் கட்டாமல் புரோசார்ட் புறநகரிலிருந்த வீட்டைக் காலிசெய்து மறைந்தார். விடுபட்டதைச் சீட்டு நடத்துபவரே ஈடுசெய்வது வழக்கம். எமிலியானுஸிடம் சேமிப்பு இல்லை. குறையைச் சொல்ல நாவும் எழவில்லை.

விரைவாகப் பணம் பண்ண வழி தேடிய அவருக்கு, உடன் வேலைசெய்த கிருபானந்தன் கைபேசியில் ஒரு முன்கணிப்புச் சந்தையைத் திறந்துகொடுத்தார். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஓர் அணி வெல்லும் என்ற பங்கை அங்கே வாங்கலாம். வென்றால் பங்குக்கு ஒரு டொலர்; தோற்றால் ஒன்றுமில்லை. வியாழன் மாலை, எல்லோரும் நம்பிய அணியின் பங்குகளை எமிலியானுஸ் எழுபது சதத்துக்குச் சிறிதளவு வாங்கினார். ஆட்டம் தொடங்குமுன்பே விலை நாற்பதுக்குச் சரிந்தது.

“அண்ணை, வித்துப்போட்டு வெளிய வாங்கோ. ஏதோ நடக்குது,” என்றார் கிருபானந்தன்.

“விசரா, ஆரோ அந்தரப்பட்டவன் கழிவு விட்டு விக்கிறான். உதை நான் எத்தினை சீட்டில பாத்திட்டன்.”

“உவங்கள் உங்கட சோபாவில இருந்து தேத்தண்ணி குடிக்கிற சனமில்லை அண்ணை. முகம் தெரியாத ஆக்கள்.”

“முகம் எதுக்கடா? விலையே சொல்லுதே.”

“அப்ப பூசை வைக்கிற சுவாமியாருக்கும் ரெண்டு பங்கு எடுத்துவிடுங்கோ!”

கௌரிக்குக் கொடுக்கச் சேர்ந்திருந்த பணம் முழுவதையும் எமிலியானுஸ் அதில் இட்டார். விற்றவர்கள் நெருக்கடியில் இருந்தவர்களல்லர், அறிந்தவர்கள். பயிற்சி எறிதலின்போது அணியின் முதன்மை வீரரின் கணுக்கால் பிசகியதை அரங்கில் இருந்தவர்கள் கண்டிருந்தனர். அணி தோற்றது.

மறுநாள் காலை கௌரி வந்தார்.

“காசு இல்லை பிள்ளை,” என்று தொடங்கி, எமிலியானுஸ் நடந்ததைச் சொன்னார்.

கௌரி கேட்டார்: “நான் அவ்வளவு கழிவு விட்டு எடுத்தனான். என்ர அந்தரம் உங்களுக்குத் தெரியும்தானே, அண்ணை?”

“ஓம்,” என்றார் அவர்.

கோடையில் எமிலியானுஸ் தம் காரை விற்று முழுத்தொகையையும் கொண்டுபோய்க் கொடுத்தார். மேன்முறையீட்டுத் தவணை எப்போதோ கடந்திருந்தது. கௌரி எண்ணிப் பாராமல் வாங்கினார். கணவருக்குக் கொழும்புக்கான விமான டிக்கெற் அந்தப் பணத்தில்தான் எடுக்கப்பட்டது.