வீட்டிலிருந்து வேலை வேண்டாம் என்ற சார்

பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் எனக்கு வேலை. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சுற்றறிக்கை வந்தபோது, கொரட்டூரிலிருந்து ரயிலில் நசுங்கிக்கொண்டு போய்வரும் எனக்கு ஒரே கொண்டாட்டம். எங்கள் பிரிவு அலுவலர் மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்.

"வீட்ல உக்காந்தா வேலை ஓடாதும்மா. எனக்கு என் சீட்டு வேணும்."

நாங்கள் வராத நாட்களிலும் காலி அறையில் தனியாக உட்கார்ந்து எங்களுக்குப் போன் போட்டு விரட்டுவார். எங்களை வேவு பார்க்கத்தான் ஆபீசுக்குப் போகிறார் என்று பேசிக்கொண்டோம்.

மழையில் கூரை ஒழுகி, சுவரில் கரண்ட் அடிக்கிறது என்று எங்கள் தளத்தையே பூட்டினார்கள். அவருக்கும் வேறு வழியில்லை.

முதல் நாள் வீடியோ கூட்டம். மறுகூட்டல் விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார், வழக்கம்போல உரத்த குரலில். அவருக்குப் பின்னால் லுங்கி கட்டிய ஓர் ஆள் வந்து நின்றான். அவருடைய மகன்.

"யோவ், காலைலேர்ந்து இன்னாத்துக்கு கத்திகினு கீற? மன்ஷன் தூங்க வேணாம்?"

அவர் திரும்புவதற்குள் பிடரியில் ஓங்கி ஓர் அடி. கண்ணாடி கீபோர்டு மேல் விழுந்தது.

திரையில் எல்லா முகங்களும் அப்படியே நின்றன. நெட் போய்விட்டதோ என்றுகூட நினைத்தேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அடுத்த அப்ளிகேஷன்," என்றார், குரலை மட்டும் இறக்கி.

கூட்டம் முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அம்பத்தூருக்குப் போனேன். முன்பு ஒருமுறை கையெழுத்து வாங்கப் போனதால் வீடு தெரியும். கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தார்.

"எல்லாரும் பாத்துட்டீங்களா?"

"பாத்தோம் சார்."

கேட்டை இழுத்துச் சாத்தினார். "அவங்கம்மா போனதுக்கப்புறம்தான் இப்படி. ஆபீஸ் இருந்தா அவன் எழுந்திருக்கறதுக்குள்ள கிளம்பிடுவேன். நான் வர்றப்ப அவன் வெளிய போயிருப்பான்."

"லேப்டாப்ப எடுத்துக்கிட்டு வாங்க சார். எங்க வீட்டுல உக்காந்து பாக்கலாம்," என்றேன்.

வந்தார். தளம் திறக்கும்வரை எங்கள் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து வேலை பார்த்தார். பாடியிலுள்ள கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வரும் என் வீட்டுக்காரரோடு டீ குடித்துவிட்டுத்தான் கிளம்புவார். பிறகு ஆவடியில் தன் தங்கை வீட்டுக்கே குடிபோய்விட்டார். பழைய வீட்டில் மகன் மட்டும் இருக்கிறான்.

எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது ஒருநாள், போலீசில் ஒரு புகார் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"நானாம்மா? அவன் மேலயா?"

அடி விழுந்தபோதுகூட அவர் முகம் அப்படி வெளிறவில்லை.