எங்கள் வீட்டுப் பெருச்சாளி

மாமியார் பாதி குடித்த தேநீர்க் கோப்பையைப் பிடுங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறாள் அவர் மகள்.

"அம்மா, இந்தக் கறை தேய்ச்சாலும் போகாதா?"

"போகாதுடி. உன்னை மாதிரிதான், ஒட்டிக்கிட்டா விடாது."

"அப்ப இது எனக்கு வேணும்."

கோப்பையைத் திருப்பிக் கொடுத்து, மாமியார் மிச்சத்தைக் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே காவல் நின்று, கோப்பையை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்கிறாள்.

இவள் என் நாத்தனார். திரைப்படக் கல்லூரியில் இறுதியாண்டு. நண்பர்கள் சேர்ந்து ஒரு குடும்பப் படம் எடுக்கிறார்கள். முதலில் அதன் ட்ரெய்லர். நடிகர்களைச் சுற்றி என்னென்ன சாமான் இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது இவள் பொறுப்பு. வீட்டிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போவதால் மாமியார் வைத்த பெயர் பெருச்சாளி. கூப்பிட்டால் கோபமே வராது, "என்ன?" என்று திரும்புவாள்.

கடையில் வாங்கித் தருகிறேன் என்றால் உதட்டைப் பிதுக்குவாள். "புதுசு நடிக்காது அண்ணி. சும்மா நிக்கும்." ஒருமுறை நாற்காலிக் கடைக்கு அவளோடு போய்த் தொலைத்தேன். "யாராவது உக்காந்து அழுத மாதிரி ஒண்ணு இருக்கா?" என்று கேட்டாள். விற்பனையாளர் உள்ளே போய் முதலாளியை அழைத்து வந்தார். முதலாளி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, இன்று கடை சீக்கிரம் மூடுகிறோம் என்றார். அப்போது காலை மணி பதினொன்று.

படத்தின் இயக்குநரை எல்லோரும் தாடி என்றே அழைக்கிறார்கள். ஒரே வீட்டில் பேசாமல் வாழும் கணவன் மனைவி பற்றிய கதை. எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "உடைஞ்ச கண்ணாடி. வாடின ரோஜா. நின்னுபோன கடிகாரம்."

"உடைஞ்ச கண்ணாடியை எந்த வீட்லடா மாட்டி வெச்சிருக்காங்க? கால்ல குத்தும்னு அன்னிக்கே கூட்டித் தள்ளிருவாங்க."

"அது ஒரு குறியீடு."

"குறியீடு இல்ல, குப்பை. பேசாதவங்க வீடு பளிச்சுனு இருக்கும். வேற எங்கயாவதுதான் தெரியும்."

சொல்லிவிட்டு நாத்தனார் எழுந்து போய், எங்கள் குளியலறையில் வெகுநேரம் இருந்தாள்.

இங்கே என் வீட்டு விவகாரத்தையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் கார் ஓட்டும் லட்சணத்தை என் கணவர் விருந்தாளிகள் முன்னால் நடித்துக் காட்டினார். ஸ்டியரிங்குக்குப் பதில் என்னுடைய சாப்பாட்டுத் தட்டு. அன்றிலிருந்து நாங்கள் பேசுவதில்லை. அந்தச் சமயம் பார்த்துப் பற்பசை தீர்ந்துபோனது. வாங்கி வரச் சொல்ல வாய் வராமல் எனக்கு ஒன்று வாங்கிக்கொண்டேன். அவரும் தனக்கு ஒன்று. என்னுடையது வாலிலிருந்து ஒழுங்காகச் சுருட்டப்பட்டிருக்கும். அவருடையது கழுத்து நெரிபட்டுக் கிடக்கும்.

தாடி வந்துபோன மறுநாள் காலை இரண்டையும் காணோம். வேண்டுமென்றே ஒளித்துவைத்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். அவரும் என்னைப் பற்றி அதையேதான் நினைத்திருக்கிறார். கேட்டாலும், புதிதாக வாங்கினாலும் தோற்றதாகிவிடுமே! நான் உப்பால் தேய்த்தேன். அவர் வாயில் ஏலக்காயை அடக்கிக்கொண்டு, முறைத்தபடி அலுவலகம் போனார்.

கல்லூரி அரங்கில் ட்ரெய்லர் போட்ட அன்று குடும்பத்தோடு போனோம். எனக்கும் அவருக்கும் நடுவில் மாமியார். விளக்கு அணைந்தது. திரையில் சுத்தமான ஒரு குளியலறை. ஒரே குவளையில் இரண்டு பற்பசை: ஒன்று சுருண்டது, ஒன்று நெரிபட்டது. ஒரு பெண்ணின் கை வந்தது. நெரிபட்டதை ஒரு கணம் தொட்டது. பிறகு தன்னுடையதையே எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான். அரங்கம் கப்சிப்.

"ஐயையோ, இது நம்ம வீட்டுப் பேஸ்ட்டுல்ல!" என்றார் மாமியார், கடைசி வரிசை வரை கேட்கும்படி.

சிரிப்பில் அரங்கம் அதிர்ந்தது. தாடி தலையில் கைவைத்தான். மாமியாரின் தலைக்குப் பின்னால் குனிந்து என் கணவர் கிசுகிசுத்தார்:

"அப்ப நீ எடுக்கலையா?"

"நான் ஏன் எடுக்கறேன்? உங்க பேஸ்ட்டைப் பாத்தாலே பாவமா இருக்கும்."

"நான் மூணு நாளா ஏலக்காய் மென்னுக்கிட்டு இருக்கேன்டி."

"அதான் வீடு முழுக்க பாயசம் வாசனையா?"

அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். ட்ரெய்லர் முடிந்து வெளியே வந்தபோதும் பேச்சு ஓயவில்லை. யார் முதலில் தனியாகப் பற்பசை வாங்கியது என்று நடைபாதை நெடுக வாதாடிக்கொண்டே போனோம். மாமியாரும் நாத்தனாரும் கூடவே வருகிறார்கள் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன்.

மாமியார் எங்களை நோக்கி எட்டி நடை போடப் பார்த்தார். "நில்லும்மா, செருப்பு வாரு அறுந்துபோச்சு" என்று ஒரு கையால் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, தரையில் குந்தி, எந்தக் கேடும் இல்லாத தன் செருப்பு வாரை மறு கையால் மெதுவாக, மிக மெதுவாகச் சரிசெய்துகொண்டிருந்தாள் நாத்தனார்.