வீட்டில் மட்டும் ஓடிய அம்பு

இரண்டாயிரத்து ஏழா எட்டா என்று சரியாக நினைவில்லை. டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில், கவ்வாத்து முடிந்து மலை மொட்டையாக நின்ற மாதம் அது. தேயிலைச் செடியை மட்டமாக வெட்டி விடுவதைத்தான் கவ்வாத்து என்போம். முப்பது வருடத்துக்கு மேல் எனக்கு அதுதான் வேலை. பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் இதை எழுதுகிறாள். அவளைப் பற்றி வரும் இடங்களில் கொஞ்சம் குறைத்து எழுதிவிடுவாள், நீங்கள் கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது அவள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. நாலு வருடமாக நிரந்தர நியமனத்துக்குக் காத்திருந்தாள். அதற்குத் தலைமையாசிரியர், எங்கள் பேச்சில் அதிபர், சிபாரிசுக் கடிதம் கொடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்துக்கு யாரோ புண்ணியவான்கள் ஒரு லெப்டொப் கொடுத்திருந்தார்கள். தவணைப் பரீட்சை வினாத்தாள்களை அதில் அடித்துக் கொடுக்கும் வேலையை அதிபர் என் மகளிடம் ஒப்படைத்தார். "வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறுதலா அடிங்க டீச்சர், அடுத்த திங்கட்கிழமை தந்தா போதும்" என்றாராம். அவளும் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்குவது போல அதைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்தாள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு வீடு இருப்பதுதான் எங்கள் லயம், ஒவ்வொரு வீட்டையும் காம்பரா என்போம்.

அன்று சாயந்தரமே தொல்லை ஆரம்பித்தது. திரையில் ஒரு சின்ன அம்பு இருக்குமே, அது தானாக ஓடியது. காம்பராவுக்குள் புகுந்துவிட்ட கோழி வாசல் தெரியாமல் அங்கும் இங்கும் ஓடுமே, அப்படி. மூலைக்குப் போய் நின்று நடுங்கும். திடீரென்று கீழே பாயும். இவள் அடித்து வைத்த அரைப் பக்கம் நீலமாக மாறி, கண் முன்னாலேயே காணாமல் போனது. திரும்ப அடித்தாள். திரும்பப் போனது.

எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்ததே தொண்ணூறுகளில்தான். அதுவரை குப்பி லாம்புதான். முதன்முதலாகப் பல்பு எரிந்த அன்று பக்கத்துக் காம்பராக்காரி அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதே பக்கத்துக் காம்பராக்காரிதான் இப்போதும் வந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு அம்பைப் பார்த்தாள்.

"அண்ணே, இது மெசின் கோளாறு இல்ல. இது வேற சங்கதி" என்று சொல்லி, எங்கள் சாமி படத்தடியில் இருந்த திருநீற்றை அள்ளிவந்து அதன் மேல் தூவப் போனாள்.

"அய்யோ அத்த, உள்ள போயிரும்!" என்று மகள் குறுக்கே விழுந்தாள். கொஞ்சம் மூடியில் விழுந்துதான் விட்டது.

மறுநாள் மகள் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். அங்கே அது நல்ல பிள்ளையாக இருந்தது. அதிபர் அரை மணித்தியாலம் தட்டிப் பார்த்தார். அம்பு சொன்ன இடத்தில் நின்றது. அன்று சாயந்தரம் வீட்டில் திரும்ப ஓடியது. இப்படியே இரண்டு நாள். மூன்றாம் நாள் அதிபர், மற்ற டீச்சர்மார் இருக்கும்போதே சொல்லிவிட்டார்: "வீட்டுல மட்டும் ஓடுதுன்னா, வீட்டுல யாரு டீச்சர் போட்டுத் தட்டுறது? ஏலாட்டி ஏலாதுன்னு சொல்லுங்க. திங்கட்கிழமைக்குள்ள முடியலைன்னா வேற ஆளுகிட்டக் குடுக்கிறேன்."

அவள் வந்து சொன்னபோது முகம் கறுத்திருந்தது. ஆறுதல் சொல்ல வேண்டிய நான் என்ன கேட்டேன் தெரியுமா? "நீ தெரியாம ஏதாச்சும் அமுக்கிட்டியாம்மா?" என்று கேட்டேன். சோற்றுத் தட்டை வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

அதைத் தொட்டால் கையில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்றும் அவள் சொல்லியிருந்தாள். நானும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அசதியாக இருக்கும், தூங்கு என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை நானே அதை ஒரு துவாயில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன். கடைவீதியில் யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன் கம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தான். பையன் என்றாலும் முப்பது வயது இருக்கும். வயரைக் குத்திப் போட்டுப் பார்த்தான். அம்பு அசையவில்லை. ஒரு பிழையும் இல்லை ஐயா, கொண்டுபோங்கோ என்றான். கொண்டுவந்தேன். வீட்டில் வைத்ததும் ஓடியது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றே கத்தினேன். "தோட்டத்து ஆளுங்கன்னா ஒங்களுக்கு இளக்காரமா? திருத்தத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க!"

அவன் கையில் இருந்த வேலையைக் கீழே வைத்தான். கோபப்படவில்லை. "கொஞ்சம் இருங்கோ ஐயா" என்று சொல்லிவிட்டு மகளைப் பார்த்துக் கேட்டான். "தங்கச்சி, வீட்டில மட்டும்தானே ஓடுது?"

"ஆமா."

"அப்ப பிழை வீட்டிலதான்."

"என் வீட்டுல என்னங்க பிழை?" என்று நான் எகிறினேன்.

சிரித்துவிட்டான். "உங்களைச் சொல்லேல்லை ஐயா, உங்கட கரண்டைச் சொல்லுறன். தங்கச்சி, இதைத் தொடேக்க கை கூசுதோ?"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கடையின் கூரையைப் பார்த்தேன்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்குங்க" என்றாள்.

அவன் ஒரு வழி சொல்லிக்கொடுத்தான். வீட்டுக்குப் போய் வயரைக் கழற்றிவிட்டு பற்றரியில் மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். அப்போது அம்பு நின்றால் தனக்குப் போனில் ஒரு கோல் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு, தானே வந்து பார்ப்பதாகச் சொன்னான். அவ்வளவு கத்தின ஆளின் வீட்டுக்கு வருகிறேன் என்கிறானே என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவன் சொன்னது சரிதான். வயரைக் கழற்றினால் அம்பு நின்றது, குத்தினால் ஓடியது. பற்றரி பழசு, கால் மணித்தியாலம்கூடத் தாங்கவில்லை, அதனால் அதை வைத்து வேலையை முடிக்கவும் வழியில்லை. பக்கத்துக் காம்பராக்காரி மட்டும் "பாத்தீங்களா, திருநீறு வேல செய்யுது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் பஸ்ஸில் வந்து இறங்கி, மேடு ஏறி வந்தான். பிளக் பேஸில் மூன்று ஓட்டைகள் இருக்கிறதல்லவா, மூன்றையும் சோதித்தான். மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்றான். மெசினில் கசியும் கரண்ட் அந்த வழியாகத்தான் மண்ணுக்குள் இறங்க வேண்டுமாம். வழி இல்லாததால் மெசின் மேலேயே நிற்கிறது. அம்பை ஓட்டுவதற்கு விரல் வைக்கும் இடம், எது விரல் எது கரண்ட் என்று தெரியாமல் குழம்பிப் போகிறது. படிக்காத எனக்கே விளங்கும்படி சொன்னான்.

பிறகு அந்தக் கம்பியைத் தேடி லயத்துக்குப் பின்பக்கம், சாக்கடைக் கான் ஓரமாகப் போனோம். சுவரில் ஒரு பச்சைக் கம்பி கீழே இறங்கி வந்து, முழங்கால் உயரத்தில் முடிந்திருந்தது. மண்ணில் அடித்த இரும்பு தனியாக நின்றது.

அவன் குனிந்து கம்பியின் நுனியைப் பார்த்தான். நானும் பார்த்தேன். சாய்வான வெட்டு. கவ்வாத்தில் ஒவ்வொரு கிளையிலும் வெட்டு அப்படித்தான் விழ வேண்டும், மழைத்தண்ணீர் நிற்காமல் வழிய. அது என் கை வெட்டு.

இரண்டு வருடத்துக்கு முன் போஞ்சிக்கு, அதுதான் பீன்ஸ் கொடிக்கு, பந்தல் போடக் கயிறு இல்லாமல் போனது. அப்போது இந்தக் கம்பி கண்ணில் பட்டது. பல்புக்கும் போகாமல், சுவரில் இறங்கி மண்ணுக்குள் போய் மறைகிற கம்பி. கரண்ட்காரர்கள் மிச்சத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். காய்க்காத கிளையைக் கண்டால் கத்தி சும்மா இருக்காது. ஒரே வெட்டு.

நாலடி தள்ளிப் போஞ்சிக் கொடி அந்தப் பச்சைக் கம்பியில்தான் ஏறிக்கொண்டிருந்தது. அவன் கொடியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். எனக்குத் தலை நிமிரவில்லை.

"என்ன தம்பி, பேயா பிசாசா?" என்று பக்கத்துக் காம்பராக்காரி பின்வாசலில் இருந்து கேட்டாள்.

"ரெண்டும் இல்லை அக்கா. கம்பி அறுந்து போச்சு" என்றான் அவன்.

மெயினை நிறுத்திவிட்டுப் புதுக் கம்பி ஒரு துண்டு எடுத்து, வெட்டுப்பட்ட நுனியை இரும்போடு சேர்த்து முடுக்கினான். இரும்பைச் சுற்றி ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னான். உள்ளே போய்ப் போட்டால் அம்பு அசையாமல் நின்றது. மகள் அப்போதே உட்கார்ந்து அடிக்கத் தொடங்கிவிட்டாள்.

அவனை பஸ்ஸுக்கு வழியனுப்பப் போனேன். இறக்கத்தில் மெதுவாகச் சொன்னான். "அந்தக் கம்பி சும்மா இருக்கிற மாதிரித்தான் ஐயா இருக்கும். ஆனா கரண்ட் அடிச்சு ஆரும் சாகாமல் இருக்கிறது அதாலதான். இந்த ஆறு காம்பராவுக்கும் அது ஒண்டுதான்."

ஆறு குடும்பம். இரண்டு வருடம்.

அறுந்து போச்சு என்று அவன் சொன்னதோடு நானும் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. அன்று சாயந்தரமே முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையில் நின்று லயத்து ஆட்கள் எல்லோரிடமும் சொன்னேன். பக்கத்துக் காம்பராக்காரி வாயைப் பிளந்தாள். "அடப் பாவி அண்ணே, போஞ்சிக்கா வெட்டுனீங்க? அந்தப் போஞ்சிய நாங்களும்ல தின்னோம்!"

மறுநாள் மகளோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அதிபரின் அறைக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. மகள் லெப்டொப்பை மேசையில் வைத்து, அடித்து முடித்த வினாத்தாள்களைத் திறந்து காட்டினாள். நான் சொன்னேன், "சேர், எம்மக சொன்னது பொய் இல்லீங்க. அம்ப ஓட வச்சது நான்தான்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உட்காரச் சொன்னார். முழுவதையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார். பிறகு எழுந்து, மற்ற டீச்சர்மார் இருந்த இடத்துக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போய், "நான் அன்னைக்குச் சொன்னது பிழை டீச்சர், மனசுல வச்சுக்காதீங்க" என்றார். அந்தத் தவணை முடிவதற்குள் கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

நான் வீட்டுக்குத் திரும்பும்போது மகள் வாசல்வரை வந்தாள். எனக்குச் சந்தோஷம். அவள் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "அந்தக் கடைக்காரரு ஒரு வார்த்தையில நம்புனாருப்பா. நீங்க நம்பலையே."

இந்த வரியை எழுத வேண்டாம் என்று இப்போதும் சொல்கிறாள், நான்தான் எழுத வைத்தேன். ஏனென்றால் அதற்குப் பிறகு யார் வந்து எவ்வளவு நடக்க முடியாத கதையைச் சொன்னாலும், முதலில் நம்பிக்கொண்டு, பிறகுதான் காரணம் தேடப் போகிறேன், அதையும் என் வீட்டுப் பின்பக்கத்தில் இருந்தே தேடத் தொடங்குகிறேன்.