படத்துக்கு வைத்த பொட்டு

பிழை முழுவதும் என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதிவழியில் வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவேன்.

2009இல் லண்டனில், சட்டன் பகுதியில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கும் கெயரர் வேலை செய்தேன். காலை ஏழரைக்கு முதல் வீடு, தனியாக இருந்த எண்பத்திரண்டு வயது வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவருடையது. அரைமணி நேரத்தில் குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுத்து, எல்லாவற்றையும் பைலில் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். எனக்குப் பிறகு வருகிறவருக்கு அந்தப் பைல்தான் எல்லாம்.

அவருடைய படுக்கை அறையில் சட்டம் போட்ட ஒரு படம் இருந்தது. முட்டை வடிவில் வெட்டிய மட்டைக்கு நடுவே ஓர் இளம்பெண்ணின் முகம் மட்டும். தலையைச் சற்றுச் சாய்த்துச் சிரிக்கிறாள். முன்னால் சின்னக் கிண்ணத்தில் எப்போதும் பூ. எனக்கு வேறென்ன விளக்கம் வேண்டும்? ஈழத்தில் போர் முடிந்த அந்த வருஷம் எங்கள் ஆட்களின் வீடுகளில் அப்படித்தான் படங்கள் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன. கிங்ஸ்பரியில் என் அக்கா வீட்டில் மட்டும் இரண்டு. இளம் முகம், முன்னால் பூ என்றால் என் கண்ணுக்கு ஒரே அர்த்தம்தான். கேட்டு எதற்கு நோகடிக்க வேண்டும் என்று, பெரிய கெட்டிக்காரி நான், முதல் கிழமையே பைலில் எழுதினேன்: காலமான மகளின் படம், அதைப் பற்றிப் பேச வேண்டாம். தினமும் வேலை தொடங்கும் முன் அந்தப் படத்தைக் கும்பிட்டும் வந்தேன்.

எட்டு மாதம் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை அவர் அழுதுகொண்டிருந்தார். திங்கட்கிழமை தன்னை முதியோர் இல்லத்துக்கு மாற்றப்போவதாக மகன் போனில் சொன்னானாம். எனக்கு மனம் கேட்கவில்லை. கோயிலில் வாங்கிய சந்தனமும் குங்குமமும் கைப்பையில் இருந்தன. படத்தின் கண்ணாடியைத் துடைத்து, அந்தப் பெண்ணின் நெற்றியில் சந்தனம் தொட்டு, மேலே குங்குமம் வைத்தேன்.

“என்ன செய்கிறாய்?” என்றார்.

“உங்கள் மகளுக்கு. இறந்தவர்களுக்கு நாங்கள் இப்படித்தான் செய்வோம்” என்றேன், என் அரைகுறை ஆங்கிலத்தில்.

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “எனக்கு மகளே கிடையாது. அது நான்.”

கண்முன்னால் உயிரோடு இருக்கிற மனுசிக்குச் செத்தவர்களுக்கு வைக்கிற பொட்டை வைத்திருக்கிறேன். துடைக்கப் போனேன். அவர் விடவில்லை. சட்டத்தின் பின்பக்கத்தைக் கழற்றி மட்டையை எடுக்கச் சொன்னார்.

எடுத்தேன். அது ஒரு பழைய காலண்டர் தாள். முகத்துக்குக் கீழே முழு ஆளும் இருந்தாள். ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு, நீளக் காலுறையும் ஒரு துவாய்த் துண்டும் மட்டும். இடது தோளில் பெரிய மச்சம். தினமும் நான் சவர்க்காரம் போட்டுக் கழுவிய அதே மச்சம். எட்டு மாதமாக நான் கும்பிட்டது இதைத்தானா என்று கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சொல்லத் தொடங்கினார். இருபத்திரண்டு வயதில் ஓர் அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை. சனிக்கிழமைகளில் சோஹோவில் ஒரு ஸ்டூடியோவின் மாடி அறையில் படத்துக்கு நிற்பது. கொஞ்சநாளில் அதுவே முழுநேர வேலையாகிவிட்டது. அறையில் ஒற்றைக் கம்பி ஹீட்டர். குளிரில் உடம்பு புல்லரித்தால் பிறகு படத்தில் தூரிகையால் மழமழப்பாக்கிவிடுவார்களாம். கராஜ்களிலும் லொறிகளிலும் அவர் தொங்கினார். கண்ணால் காணாத ஆண்கள் கலியாணம் கேட்டு எழுதினார்கள். அவருடைய அம்மா மட்டும், காலண்டரைக் கண்ட நாளிலிருந்து, மகள் காய்ச்சலில் செத்துவிட்டாள் என்று அயலாருக்குச் சொல்லி வந்தார். முப்பத்தொரு வயதில் ஸ்டூடியோக்காரர் இனிப் போதும் என்றார். பிறகு மருந்துக்கடை வேலை, கலியாணம், ஒரு மகன். அந்த மகன்தான் தன் கலியாணத்துக்கு ஆட்கள் வருமுன் மட்டை வெட்டி முகத்தை மட்டும் விட்டுவைத்தவன்.

“ஒன்பது வருஷம் உழைத்தேன். அங்கே போகும்போது முழுதாகப் போக வேண்டும். மட்டை இல்லாமல் மாட்டு” என்றார்.

முடியாது என்றேன். மகன் முறைப்பாடு செய்தால் என் வேலை போய்விடும் என்று சாட்டுச் சொன்னேன். உண்மையில் எனக்கு வெட்கம். மட்டையைத் திரும்ப வைத்து மூடினேன். அவர் அதன் பிறகு என்னோடு பேசவில்லை. குளித்தார், சாப்பிட்டார் என்று பைலில் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.

மனம் உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்று கிழமை கழித்து இல்லத்துக்குப் பார்க்கப் போனேன். அங்கே வேலை செய்த பிள்ளை எங்கள் ஆள். என்னைக் கண்டதும் தனியாகக் கூப்பிட்டாள்.

“அன்ரி, அந்தப் படத்தைப் பற்றி மட்டும் கதைக்காதேங்கோ. அது செத்துப்போன மகள். இவ மறந்துபோய், அது நான்தான் எண்டு கத்திக் குழறுறா. இப்ப அமைதியா இருக்க மருந்து குடுக்கினம்.”

“மகள் எண்டு ஆர் சொன்னது?”

“பைலில இருக்கு அன்ரி. முந்தி வீட்டுக்குப் போன கெயரர் எழுதி வைச்சிருக்கிறா.”

நேரே அவருடைய அறைக்குள் போனேன். அவர் கதிரையில் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். மேலே படம். கண்ணாடியில் நான் வைத்த குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

படத்தை இறக்கினேன். மட்டையை உருவி இரண்டாகக் கிழித்தேன். அந்தப் பிள்ளை, “என்ன அன்ரி இது” என்று வாயைப் பொத்தினாள். அவருடைய சட்டைக் கழுத்தை மெதுவாக விலக்கி, “இந்த மச்சத்தையும் பார், அந்த மச்சத்தையும் பார் பிள்ளை” என்றேன். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவர் கண் விழித்தார். முழுப்படத்தையும் நெடுநேரம் பார்த்தார். பைலில் எழுதியது நான்தான் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“என் அம்மா வாயால் சொன்னதோடு விட்டார். நீ எழுதிக் கையெழுத்தும் வைத்திருக்கிறாய்” என்றார்.

அந்தப் பிள்ளையிடம் பைலைக் கொண்டுவரச் சொல்லி, படத்தில் இருப்பது யார் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.